டின் இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்டவனுக்கு

மகனே,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று மதியம் நம் ஷெட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. பார்சல் ஆபீஸ் ஆட்டோக்காரர் அதை இறக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "யக்கா, ஒங்க மவன் பேருக்கு வந்திருக்கு. மண்டையோடு படம் போட்டிருக்கு. இத நான் தொட்டு எறக்கலாமா கூடாதா, மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே ஒட்டியிருந்ததை வாசித்தேன். டிரைமெத்தில் டின் குளோரைடு. அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பல வருடம் ஆகிறது. அதை நீ ஆர்டர் போட்டு வரவழைத்திருக்கிறாய். அதுவும் நம் ஷெட்டுக்கு, உன் அப்பா பகலெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு.

உடனே உனக்குப் போன் போட்டேன். "எம்மா, பதறாத. ஒரே ஒரு பேட்ச்தான். கப்பல்ல எடம் புக் பண்ணியாச்சு. இந்தத் தடவயும் சரக்கு சரியில்லன்னா வாங்குறவன் வேற ஆள்ட்ட போயிருவான்" என்றாய். "ஒரே ஒரு பேட்ச்னுதாம்ல ஒங்க அப்பாட்டயும் சொன்னாவ" என்றேன். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் அனுப்பிய செய்திக்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று வந்தது. உன்னைப் பெற்று வளர்த்ததற்கு ஒரு கட்டைவிரல். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உன் கம்பெனி ஆட்கள் படிக்கட்டும், உன்னோடு ஆராய்ச்சி செய்தவர்கள் படிக்கட்டும், தூத்துக்குடியில் கெமிக்கல் ஷெட் வைத்திருக்கிற நாலு பேரும் படிக்கட்டும். வீட்டு விஷயத்தை அம்மா தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். என் கோபத்தில் கால்வாசி உனக்கு வந்தாலே போதும்.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். மடக்கினாலும் உடையாத திரை, தோலில் ஒட்டிக்கொள்ளும் மருத்துவப் பட்டை போன்றவற்றில் மின்சாரத்தைக் கடத்த, சிலிக்கானுக்குப் பதிலாகக் கரிமப் பொருளை மை மாதிரி கரைத்து அச்சடிக்கிறார்கள். அந்தப் பொருளின் மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒரு முனையில் நீண்ட வால், மறுமுனையில் சின்ன வளையம் என்று வேறு வேறாக மாட்டினால் அது நன்றாகக் கரையும், காயும்போது வரிசையாகப் படியும். இரண்டு முனையிலும் ஒன்றையே மாட்டினால் மை சரியாக அமைவதில்லை, வரிசையாகப் படிவதுமில்லை. சிக்கல் எங்கே என்றால், முனைகள் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றில் மட்டும் மாட்டு என்று நாம் சொன்னால் அது கேட்பதில்லை. சிலதில் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும், சிலதில் ஒரு பக்கமும் மாட்டாது. எல்லாம் கலந்து ஒரு கூட்டாஞ்சோறாக வந்து நிற்கும்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. கடுங்குளிரில் வைத்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கிற ஒரு திரவத்தால் ஒரு முனையைத் திறந்து, அங்கே டின்னைக் கட்டி, பிறகு டின் இருந்த இடத்தில் வேண்டியதை மாட்டுவது. டின் என்றால் டப்பா இல்லை, வெள்ளீயம். அதோடு மெத்தில் சேர்ந்துவிட்டால் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய் மூளையில் உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்த பிறகும் கலவையைப் பிரித்தெடுக்க டிரம் டிரம்மாகக் கரைப்பான் செலவாகும். இப்படிச் செய்த சரக்கைத்தான் உலகம் முழுக்க வாங்கி, அதை நவீனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உன் அப்பா செய்தது அந்த வேலைதான். வெளியூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ். புகையை இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேனின் மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்தது. சரக்கு துறைமுகம் வந்து சேர வேண்டிய நாள் நெருங்கியதால், ஒரே ஒரு பேட்ச்தான், முடித்துவிடுங்கள் என்று மேலே இருந்து சொன்னார்கள். அவரும் முடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "காதுக்குள்ள வண்டு கத்துதுளா" என்றார். சரியாகிவிடும் என்று இருந்தோம். பிறகு மார்க்கெட்டுக்குப் போனவர் திரும்பி வர வழி தெரியாமல் நின்றார். அடுத்த வீட்டுக்காரரிடம் காரணமே இல்லாமல் சட்டையைப் பிடித்துச் சண்டைக்குப் போனார், அதுவரை யாரையும் ஏலே என்றுகூட அதட்டாத மனிதர். கம்பெனி டாக்டர் பிரஷர் என்றார், சுகர் என்றார், வயது என்றார். டின் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

நீ அப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எம்மா, டின்னே இல்லாம இதச் செய்ய முடியாதா?" என்று கேட்டாய். நானும் கெமிஸ்ட்ரி படித்தவள், இங்கே ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் அத்தனை வருடம் வேலை பார்த்தவள். "முடியாதுன்னு எவனும் நிரூபிக்கலல. மெனக்கெட எவனுக்கும் மனசில்ல, அவ்வளவுதான்" என்றேன். நீ மெனக்கெட்டாய். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். உன்மேல் இன்றைக்கு எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு அதுதான் காரணம். மெனக்கெடத் தெரியாத பிள்ளை இதைச் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

நீ அந்த வழியைக் கண்டுபிடித்தது உன் மாமாவின் உப்பளத்தில் என்று எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிறாய். அது உண்மைதான். சித்திரை வெயிலில் லீவுக்கு வந்திருந்தாய். கடல் தண்ணீர் காயும்போது முதல் பாத்தியில் ஜிப்சம் விழும். தண்ணீரை அடுத்த பாத்திக்கு விட்டால் அங்கே உப்பு விழும். உப்பு விழுந்து மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசப்பும் சேர்ந்து இறங்கி உப்பைக் கெடுக்கும். சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு வரப்பில் நின்று, "எம்மா, ஒரு பக்கம் மாட்டுனதும் அது கரைப்பான விட்டு வெளிய விழுந்துட்டா, மறுபக்கம் எப்படி மாட்டும்?" என்று கத்தினாய். கத்திய வேகத்தில் கால் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு உப்புத் தண்ணீருக்குள் உட்கார்ந்தாய். உன் மாமா, "ஏல, வெயில் மண்டையில ஏறிட்டா?" என்று கேட்டான். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வழிய நீ சிரித்துக்கொண்டே இருந்தாய்.

அதற்கு ஏற்ற கரைப்பானைத் தேடி வருடக்கணக்காக அலைந்தாய். டின்னுக்குப் பதில் போரான் சேர்ந்த பொருளைப் பிடித்தாய், அது அவ்வளவு பொல்லாதது இல்லை. கடுங்குளிர் வேண்டாம், தீப்பிடிக்கிற திரவம் வேண்டாம். ஒரு பக்கம் மாட்டியது மட்டும் மஞ்சள் பொடியாக அடியில் இறங்கும், வடிகட்டி எடுத்துக் காயவைத்து மறுபக்கத்தை மாட்டிக்கொள்ளலாம். முதல் தடவை அந்தப் பொடி இறங்கியதை வீடியோ எடுத்து அனுப்பினாய். நான் அதை உன் அப்பாவிடம் காட்டினேன். "நல்லாருக்கே, என்ன மாவு இது?" என்றார். பாதுகாப்பானது, மலிவானது, நம் ஊரிலேயே செய்யலாம் என்று ஷெட்டைப் போட்டோம். லைசென்ஸ் என் பெயரில், விற்பனை பெங்களூரில் உன் கையில். வடிகட்டவும் காயவைக்கவும் ஜெபமாலை வேலைக்கு வந்தாள். உன் அப்பாவை வீட்டில் தனியே விட முடியாது என்பதால் அவருக்கும் அங்கே ஒரு நாற்காலி.

எங்கே கெட்டது என்று உனக்கே தெரியும். பொடியை வடித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கரைப்பானைக் கொட்டாமல் அடுத்த பேட்சுக்கும் ஊற்றச் சொன்னாய். உப்பளத்திலும் அப்படித்தான், பழைய தண்ணீர்மேல் புதுத் தண்ணீர் விட்டுச் சில தடவை உப்பு வாருவோம். நம் ரத்தத்தில் ஊறிய சிக்கனம். ஆனால் எந்த உப்பளத்துக்காரனும் அதை ஓயாமல் செய்ய மாட்டான், ஒரு கட்டத்தில் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டே ஆக வேண்டும். நம் கரைப்பானில், விழாமல் தப்பி இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது கரைந்து கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும். "போதும்ல, காய்ச்சி வடிச்சுச் சுத்தம் பண்ணிட்டு ஊத்துவோம்" என்று நான் சொன்னேன். "இன்னும் ஒரு தடவ ஊத்தும்மா, காய்ச்சுனா கரண்டுக்கு யாரு அழுவா" என்று நீ சொன்னாய். ஏற்கெனவே மலிவாக இருந்ததை இன்னும் மலிவாக்கப் பார்த்தாய். கடைசியில் வேண்டாததும் பொடியோடு சேர்ந்து இறங்கியது. வாங்கினவன் சோதித்துப் பார்த்து மொத்தத்தையும் திருப்பிவிட்டான்.

தப்பு வழியில் இல்லை, நாம் வடிக்காமல் விட்டதில் இருக்கிறது என்று நீயே எனக்கு எழுதினாய். அதைப் படித்து, பரவாயில்லை, பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். புதுக் கரைப்பானில் திரும்பச் செய்தால் சரியாக வரும். ஆனால் பொடி தானாக இறங்க நேரம் எடுக்கும், அவசரப்படுத்தினால் கலங்கும். அந்தக் கப்பலைப் பிடிக்க முடியாது. டின்னில் செய்தால் பிடித்துவிடலாம். இவ்வளவுதான் உன் கணக்கு. தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பேன். எல்லாம் தெரிந்து, அப்பாவைத் தினமும் வீடியோ காலில் பார்த்துக்கொண்டு, இதைச் செய்திருக்கிறாய். நம் வெப்சைட்டில் பச்சை இலை படம் போட்டு, டின் இல்லாத தயாரிப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாயே, அந்த லேபிளை ஒட்டித்தானே இதையும் அனுப்பப் போகிறாய்? ஊருக்கு ஒரு பேச்சு, ஷெட்டுக்கு ஒரு பெட்டி. உன்னைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள நேற்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அதை யார் திறப்பது என்று யோசித்தாயா? நீ பெங்களூரில் கண்ணாடி அறைக்குள் இருக்கிறாய். நம் ஷெட்டில் சமையலறைக்கு மாட்டுகிற மாதிரி ஒரு ஃபேன்தான் இருக்கிறது, மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாசத்தில் உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவதற்குப் பதில் வெளியே இருக்கிற உப்புத் தூசியை உள்ளே தள்ளும். போரானுக்கு அது போதும் என்று சொன்னது நீ. டின்னுக்கும் போதும் என்று எப்போது முடிவு செய்தாய்? ஜெபமாலையின் வீட்டில் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்கள். விலை பேசியவன் கரையில் நின்றான், மூச்சைப் பிடித்தவன் தண்ணீருக்கு அடியில் இருந்தான். அந்த வியாபாரம் முடிந்து எவ்வளவோ காலம் ஆயிற்று, நீ இப்போது அதே மாதிரி கரையில் நிற்கிறாய்.

அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும், எல்லாம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "தம்பி சொன்னா செஞ்சிருவேன்க்கா. ஒண்ணே ஒண்ணு. எம்மவளுக்கு இந்த வருசம் பிளஸ் டூ. பரீட்சை முடியிற வரைக்கும் நான் தெளிவா இருக்கணும்லா. அதுக்கப்பொறம் இதச் செய்யலாமான்னு கேட்டுச் சொல்லுதியளா?" முடியாது என்று அவள் என் முகத்தில் அறைந்த மாதிரி சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தன் மூளையை எப்போது தருவது என்று நாள் கேட்கிறாள். உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. தம்பி கெட்டது செய்யாது என்ற நம்பிக்கை. அதை நீ எப்படிச் சம்பாதித்தாய் என்று எனக்குத் தெரியும், அவளுடைய மகளுக்கு நீதான் போனில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறாய்.

சரி, நான் என்ன செய்தேன் என்பதையும் கேட்டுக்கொள். வாங்குகிறவனுக்கு நானே நேரடியாக எழுதிவிட்டேன். சரக்கு ஏன் கெட்டது, எங்கே சிக்கனம் பிடித்தோம், இனி ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் கரைப்பானைக் காய்ச்சிச் சுத்தம் செய்தே ஊற்றுவோம், இந்தக் கப்பலைப் பிடிக்க முடியாது, காத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம். ஆர்டர் போனால் ஷெட் நிற்காது, அது எனக்கும் தெரியும். மூட வேண்டும் என்றால் மூடுவேன். லைசென்ஸ் என் பெயரில் இருக்கிற வரைக்கும் அந்தக் கூரைக்குக் கீழே டின் திறக்கப்படாது. என்னைக் கேட்காமல் எழுதிவிட்டாயே என்று நீ குதிக்க வேண்டாம். யார் யாரைக் கேட்காமல் செய்வது என்ற பழக்கத்தை ஆரம்பித்தது நான் இல்லை.

புத்திமதி சொன்னால் உனக்குப் பிடிக்காது, உன் மனைவிக்கும் பிடிக்காது. இருந்தாலும் அம்மா என்று ஒருத்தி இருந்தால் சொல்லத்தான் செய்வாள். மலிவாகச் செய்வது நல்ல காரியம். யாருடைய உடம்பிலிருந்தோ எடுத்து மலிவாக்குவது திருட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துதான் நீ அந்த வராந்தாவில் கேள்வி கேட்டாய். நீ கண்டுபிடித்த வழிக்குப் பொறுமை மட்டும்தான் விலை. அதுகூடக் கொடுக்க முடியாது என்றால், அத்தனை வருடம் எதற்கு மெனக்கெட்டாய்? உன் வழியை எதிரி ஒருத்தன் கேலி செய்தால் நான் அவனோடு சண்டைக்குப் போவேன். இப்போது நீயே அதைக் கேலி செய்திருக்கிறாய்.

நேற்று நடந்ததில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆட்டோக்காரரும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது, ஆட்டோவில் வெயிலில் கிடக்க வேண்டாம் என்று ஜெபமாலை அந்தப் பெட்டியைத் தூக்கப் போனாள். நாற்காலியில் இருந்த உன் அப்பா எழுந்து வந்தார். இப்போதெல்லாம் அவரை எழுப்பி நிறுத்தவே கையைப் பிடிக்க வேண்டும், உனக்குத் தெரியும். காலையில் சாப்பிட்டது அவருக்கு நினைவில்லை, இது எந்த ஊர் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எங்கள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து ஜெபமாலைக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றார். குரலில் தடுமாற்றம் இல்லை. "தொடாத பிள்ள. ஃபேன் ஓடல. ஃபேன் ஓடாம இதத் தொறக்கக் கூடாது" என்றார். ஜெபமாலை பின்னால் நகர்ந்தாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "ஏளா, பய ஸ்கூல் விட்டு வார நேரம். அவன இந்தப் பக்கம் விட்டுராத" என்றார்.

உன்னைத்தான் சொன்னார். உன் பெயர் சில நாள் அவருக்கு வருவதில்லை. நீ வளர்ந்தது தெரியாது, படித்தது தெரியாது, கல்யாணம் ஆனது தெரியாது. பெட்டிக்கு முன்னால் நின்று உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். நான் அவர் தோளைப் பிடித்து மெதுவாக நாற்காலிக்குக் கூட்டிப்போனேன். பெட்டி இப்போது திறக்கப்படாமல் வெளி அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அனுப்பினவர்களிடம் பேசிவிட்டேன், திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் உன் பெயருக்கு வந்ததால் உன் கையெழுத்து வேண்டுமாம். அதனால் நீ வரத்தான் வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத எவன்ளா இங்கன அனுப்புனான்?" என்று கேட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மறுபடி கேட்டார். நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார், இதை எழுதும்போதும் பக்கத்திலிருந்து கேட்கிறார். பஸ் ஏறி வா. வந்து அவர் எதிரில் உட்கார்ந்து பதிலை நீ சொல்.

அம்மா